நடு சீட்டுத் தலைவலி

"அம்மா, தலை வலிக்குது."

தோமா இதைச் சொன்னபோது பிக்கப் வண்டி தேவாலயத் திருப்பத்தைத் தாண்டி மேடு ஏறிக்கொண்டிருந்தது. தினமும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் சொல்வான்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நிஜமா வலிக்குதும்மா. வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு."

"பள்ளிக்கூடம் போகும்போது வலிக்குது. சாயங்காலம் பஸ்ஸுல திரும்பி வரும்போது மட்டும் வலிக்கலையா? நல்லா இருக்கே கதை!"

தோமா கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு ஆறு வயது. முதல் வகுப்பு. கொஞ்ச நேரத்தில் அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூங்கிவிட்டான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா கோசானா நடு சீட்டிலிருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. நடிக்கிறவன் இப்படியா தூங்குவான் என்று அவளுக்குத் தோன்றியது. 

அவர்கள் வீடு ஸ்லாத்திபோர் மலைமேல் இருந்தது. அப்பா ஸ்லோவேனியாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா தினமும் காலையில் பால் கேன்களையும் காய்மாக் என்னும் கெட்டிப் பாலாடையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழே லேஸ்கா ஊருக்குப் போவார். பிள்ளைகளின் பள்ளியும் அங்கேதான்.

வண்டியின் பெயர் புள்ளியன். ஒரு காலத்தில் அது முழுக்க நீலமாக இருந்தது. துருப்பிடித்த இடத்திலெல்லாம் அப்பா கையில் கிடைத்த பெயின்ட்டைப் பூசியதால் இப்போது அதன் உடம்பில் பச்சை, வெள்ளை, மஞ்சள் எல்லாம் உண்டு. வயதான டீசல் வண்டி. காலையில் எழுப்பினால் முதலில் இருமும், பிறகு நடுங்கும், அதன்பிறகுதான் ஓடும். தோமா பள்ளிக்கூடம் சேர்ந்த இந்தக் குளிர்காலத்தில் புதிதாக ஒரு பழக்கமும் சேர்ந்திருந்தது. கிளம்பியதும் பானெட்டுக்கு அடியிலிருந்து "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம். மேட்டின் உச்சிக்குப் போவதற்குள் அது தானாகவே நின்றுவிடும்.

"நின்னுடுதுல்ல? அப்புறம் என்ன?" என்று அம்மா அதை விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு வண்டியில் பயம் ஒன்றே ஒன்றுதான். காற்று. அதுவும் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறும் குறுக்குக் காற்று. அது கழுத்தைப் பிடிக்கும், காதைக் கெடுக்கும், பல்லை ஆட்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த மலையில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான். அதனால் குளிர்காலம் முழுக்கக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைப் போட்டுத்தான் ஓட்டுவார். கோசானா பக்கத்துக் கண்ணாடி முழுசாக மூடாது. விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதில் ஒரு பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்.

வண்டி கிளம்பியதும் கோசானா அந்தத் துணியை மெதுவாக உருவி, சந்தில் மூக்கை வைத்துக்கொள்வாள். பைன் மரவாசனையோடு குளிர்ந்த காற்று வரும். அது அவளுடைய ரகசியம். ஜன்னல் இடமும் அவளுடையது. பத்து வயதானவள் என்பதற்காகக் கிடைத்த உரிமை.

*

மார்ச் மாதம் தோமாவின் ஆசிரியை அம்மாவை அழைத்துப் பேசினார். முதல் பாடவேளை முழுக்கப் பையன் மேசைமேல் படுத்திருக்கிறானாம்.

அம்மா அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனார். அதற்குள் மதியமாகிவிட்டது. தோமா நாக்கை நீட்டினான், மூச்சை இழுத்து விட்டான், ஒற்றைக் காலில் குதித்துக்கூடக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது.

"பார்த்தியா? உனக்கு ஒண்ணுமில்ல. இனிமே தலைவலின்னு சொன்னா நடக்கறதே வேற" என்றார் அம்மா.

 அன்று இரவு படுக்கப் போகும்போது தோமா அக்காவிடம் வந்தான்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் நான் ஜன்னல் பக்கம் உக்காரட்டுமா?"

"எதுக்கு?"

"வாந்தி வந்தா தலையை வெளிய நீட்டிக்கலாம். அம்மாவுக்குத் தெரியாம."

கோசானா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லி விடுமுறை கேட்கிறவன், வாந்தியை மறைக்க இடம் தேடுவானா?

"சரி உக்காரு. அந்தத் துணி இருக்குல்ல, வண்டி கிளம்பினதும் அதை உருவிடு. அம்மா பார்க்காம" என்றாள்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோசானா முதல் முறையாக நடு சீட்டில் உட்கார்ந்தாள். ஹீட்டர் காற்று நேராக முகத்தில் அடித்தது. இதமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு வாசனை. எரிந்த கரியும் பழைய இரும்பும் கலந்த மாதிரி.

"டிக் டிக் டிக்" என்றது புள்ளியன்.

மேடு ஏறும்போதே அவள் நெற்றியில் யாரோ விரலால் அழுத்துவது போல இருந்தது. உச்சியைத் தாண்டியதும் சத்தம் நின்றது. ஆனால் நெற்றி வலி நிற்கவில்லை. கண் இமைகள் ஈரத்துணி போலக் கனத்தன. பக்கத்தில் தோமாவோ சந்தில் மூக்கை வைத்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

'நேத்து ராத்திரி நல்லாத்தானே தூங்கினேன்?' என்று நினைத்தபடி அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவின் தலை மெல்ல முன்னால் சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடியும் சரிந்தது.

வண்டி சாலை ஓரத்தை நோக்கி நகர்ந்தது. டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கியது. அந்தப் பக்கம் சரிவு.

"அம்மா!"

கோசானா கத்திய கத்தலில் அம்மா திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். பின்னால் பால் கேன்கள் ஒன்றோடொன்று மோதி முழங்கின. வண்டி நின்றது.

 அம்மா கதவைத் திறந்து இறங்கினார். ஓரத்தில் கரையாமல் கிடந்த பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டார். 

"தூக்கம் போதலை. பசுவுக்கு உடம்பு சரியில்லைன்னு ராத்திரி எழுந்தேன்ல, அதான்" என்றார் அம்மா.

கோசானாவும் இறங்கி நின்றாள். குளிர்காற்று பட்டதும் நெற்றியை அழுத்திய விரல் மெல்ல மெல்ல விலகுவது போல இருந்தது.

"தோமா, உனக்குத் தலை வலிக்குதா?"

"இல்லக்கா. இன்னிக்கு வலிக்கவே இல்ல!" அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோசானா யோசித்தாள். நேற்றுவரை நடுவில் தோமா இருந்தான், அவனுக்கு வலித்தது. இன்று நடுவில் நான். எனக்கு வலிக்கிறது.

"அம்மா, தோமா பொய் சொல்லல. அந்த சீட்லதான் ஏதோ இருக்கு."

"சீட்டுல என்னடி இருக்கும்? முள்ளா?"

"ஹீட்டர்ல ஒரு நாத்தம் வருது. அது முகத்துல அடிச்சதும் எனக்கும் வலிச்சுது. நீகூட டவுனுக்குப் போய்ச் சேர்ந்ததும் தினமும் தலைவலி மாத்திரை போடறியே அம்மா. அது எதனால?"

  அம்மா வண்டியை ஒரு முறை பார்த்தார். சரிவை ஒரு முறை பார்த்தார்.

"எல்லாக் கண்ணாடியையும் இறக்கு. ஹீட்டரை நிறுத்து" என்றார் கடைசியில்.

கோசானாவால் காதுகளை நம்ப முடியவில்லை. ஆனால் அம்மா குறுக்குக் காற்றை அப்படியே மன்னித்துவிடவில்லை. மூன்று பேர் கழுத்திலும் காதிலும் கம்பளித் துணிகளைச் சுற்றினார். துணி போதாமல் தோமாவின் தலையில் பாலாடைக் கூடையை மூடும் துண்டையும் கட்டினார். கண்கள் மட்டும் தெரிய, பள்ளத்தாக்கை மூடியிருந்த பனிமூட்டத்தின் வழியே மூவரும் லேஸ்காவுக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

*

"என்ன ஸ்டாமேனா, பேங்க் கொள்ளையடிக்கவா கிளம்பிட்டீங்க? பிள்ளைங்களையும் சேத்துக்கிட்டியா?"

மெக்கானிக் மிலுன் பட்டறை வாசலில் நின்று சிரித்தார். அவரும் அம்மாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"சிரிக்காத மிலுன். வண்டிக்குள்ள ஏதோ புகை வருதுன்னு இவ சொல்றா. பாரு."

மிலுன் பானெட்டைத் திறந்தார். என்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். அதன் வேகத்தைக் கூட்டினார், தணித்தார். புள்ளியன் பதவிசாக உறுமியது. டிக் என்ற பேச்சே இல்லை.

"தையல் மெஷின் மாதிரி ஓடுது. டீசல் வண்டின்னா கொஞ்சம் நாறத்தான் செய்யும்."

"மாமா, காலையில டிக் டிக்னு சத்தம் வரும். சூடானதும் நின்னுடும்" என்றாள் கோசானா.

"எனக்கும் காலையில முட்டி டிக் டிக்னுதான் சொல்லுது. நடந்தா சரியாயிடும்."

அம்மா நிம்மதியாகச் சிரித்தார். தோமாவும் சிரித்தான். கோசானா சிரிக்கவில்லை.

மருத்துவர் பார்த்தபோது தோமா நன்றாக இருந்தான். மெக்கானிக் பார்க்கும்போது புள்ளியன் நன்றாக இருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது நடப்பதை ஊருக்கு வந்த பிறகு பார்த்தால் எப்படித் தெரியும்?

"மாமா, நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. அது தூங்கி எழும்போது பாருங்க."

"கோசா, சும்மா இரு. மாமாவுக்கு ஆயிரம் வேலை" என்றார் அம்மா.

"அம்மா இன்னிக்கு ஓட்டும்போது கண்ணை மூடிட்டாங்க மாமா. வண்டி பள்ளத்துப் பக்கம் போயிடுச்சு."

அம்மாவின் முகம் சிவந்தது. மிலுனின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

"காலையில வர்றேன். திரும்பிப் போகும்போது கண்ணாடியை இறக்கியே வை. நான் வர்ற வரைக்கும் வண்டியை எழுப்பாதீங்க" என்றார் மிலுன்.

*

சனிக்கிழமை லேஸ்காவில் சந்தை நாள். காலையில் அம்மா பாலாடைச் சட்டிகளை வாசலில் அடுக்கிவிட்டுச் சுவரில் சாவி மாட்டும் ஆணியைத் தடவினார்.

"சாவி எங்க?"

யாரும் பேசவில்லை.

"கோசானா!"

"என் காலுறைக்குள்ள இருக்கு."

"எடு. பக்கத்து வீடு வரைக்கும் போய்க் கேனை இறக்கிட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல சூடாயிடும் அம்மா. அப்புறம் மறுபடியும் நல்ல பிள்ளை மாதிரி நிக்கும்."

அம்மா இடுப்பில் கை வைத்து முறைத்தார். கோசானா காலை இறுக்கமாகப் பின்னிக்கொண்டு நின்றாள். சாவி ஐஸ்கட்டி போலக் குதிகாலில் குத்தியது. நல்ல வேளை, அந்தச் சமயத்தில் மேட்டில் மிலுனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

மிலுன் பானெட்டைத் திறந்து வைத்தார். சாவியைத் திருகினார்.

புள்ளியன் இருமியது. நடுங்கியது. பிறகு, டிக் டிக் டிக் டிக்.

மிலுன் ஒரு பழைய ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை என்ஜினின் இங்குமங்கும் நீட்டினார். முகம் சுருங்கியது. என்ஜினை நிறுத்தினார்.

"சத்தம் நிஜம்தான். ஆனா எங்கிருந்து வருதுன்னு புரியல. உள்ள எல்லாப் பக்கமும் எதிரொலிக்குது. புகைக் குழாயா இருக்கலாம், வால்வா இருக்கலாம், டீசல் பீச்சுற இடமாவும் இருக்கலாம். பட்டறைக்கு இழுத்துட்டுப் போய் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கணும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? பாலை எப்படிக் கொண்டுபோறது?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

மிலுன் தாடையைச் சொறிந்தார். அம்மா பாலாடைச் சட்டிகளைப் பார்த்தபடி நின்றார்.

கோசானா என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு சின்ன ஓட்டை. அது வழியாகப் புகை வருகிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதானே? சைக்கிள் பஞ்சரானால் அவள் என்ன செய்வாள்? ட்யூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்குவாள். ஓட்டையிலிருந்து குமிழி வரும்.

ஆனால் புள்ளியனை வாளியில் அமுக்க முடியாதே!

தண்ணீருக்குள் வண்டி போகாது. தண்ணீர் வண்டியிடம் போனால்?

"மாமா, பின்னாடி சைலன்சர் குழாய் வழியா காத்து ஊதினா, அது எஞ்சின் வரைக்கும் வருமா?"

"வரும். எதுக்கு?"

"இங்க சோப்புத் தண்ணியை அடிச்சா ஓட்டை இருக்கற இடத்துல குமிழி வருமில்ல?"

மிலுன் அவளைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"ஸ்டாமேனா, உங்க வீட்டுல வேக்குவம் கிளீனர் இருக்கா? பழைய மாடலா இருந்தா இன்னும் நல்லது. குழாயைப் பின்பக்கம் மாத்திச் செருகினா ஊதும்."

அம்மா உள்ளே ஓடினார். வாசல் வரை நீளும் ஒயரையும் கிளீனரையும் கொண்டுவந்தார். மிலுன் அதன் குழாயைச் சைலன்சரின் வாயில் வைத்து, சுற்றிலும் துணியை அடைத்தார். கோசானா ஜன்னல் துடைக்கும் பாட்டிலில் சோப்பைக் கரைத்தாள். நுரை போதவில்லை.

தோமா உள்ளே போனான். அவனுடைய குமிழி ஊதும் குப்பியோடு வந்தான். பிறந்தநாளுக்குக் கிடைத்தது. பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருந்தான்.

"இது நல்லாக் குமிழி விடும்" என்று நீட்டினான். "எல்லாத்தையும் ஊத்திடணுமா?"

"கொஞ்சம் ஊத்தினா போதும்டா" என்றாள் கோசானா.

கிளீனர் ஊளையிட ஆரம்பித்தது. கோழிகள் சிதறி ஓடின. கோசானா, மிலுன் காட்டிய இடத்திலெல்லாம் சோப்புத் தண்ணீரை அடித்தாள். என்ஜினும் புகைக் குழாயும் சேரும் நீண்ட விளிம்பில், முதல் இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த இடத்திலும் ஒன்றும் இல்லை. ஓரத்துக்குப் போனபோது, இரும்புக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பெரிதானது. அதன்மேல் இன்னொன்று. பிறகு பொங்கும் பால் போல நுரை வழிந்தது.

"புள்ளியன் குமிழி விடுது! புள்ளியன் குமிழி விடுது!" தோமா குதித்தான்.

மிலுன் டார்ச்சைப் பிடித்துக் குனிந்தார். நுரை வந்த இடத்தைச் சுற்றி இரும்பில் கரி படிந்திருந்தது. அங்கே இருக்க வேண்டிய ஒரு போல்ட்டின் தலையும் இல்லை. துருப்பிடித்து எப்போதோ உடைந்து விழுந்திருந்தது.

"நேத்து இந்தக் கரியைப் பார்த்திருக்கணும் நான்" என்றார் மெதுவாக. "முட்டி ஜோக் சொல்லிட்டு நின்னேன்."

*

வண்டியைப் பட்டறைக்கு இழுக்க வேண்டியிருக்கவில்லை. மிலுன் போல்ட்டுகள்மேல் துருவை இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டார். மோட்டார் சைக்கிளில் இறங்கிப்போய்ப் புது கேஸ்கெட் தகட்டோடும் போல்ட்டுகளோடும் மதியம் திரும்பி வந்தார். பாலைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் டிராக்டரில் கொண்டுபோனார்.

ஒவ்வொரு போல்ட்டும் முனகிக்கொண்டே கழன்றது. உடைந்த போல்ட் மட்டும் வர மறுத்தது. மிலுன் அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்து, அதைப் பிடித்துத் திருகி எடுத்தார். புகைக் குழாயை நகர்த்தியதும் நடுவிலிருந்து ஒரு மெல்லிய தகடு வந்தது. ஒரு மூலை எலி கடித்த பிஸ்கட் போலத் தின்னப்பட்டு, கறுத்துப் போயிருந்தது.

"இத்தனூண்டு தகடா? இது என்ன செய்யும்?" என்று கேட்டான் தோமா.

"ரெண்டு இரும்பை எவ்வளவு இறுக்கி வச்சாலும் நடுவுல முடி அளவு சந்து இருக்கும். அதை இது அடைக்கும். எஞ்சின்ல எரிஞ்ச புகை எல்லாம் குழாய் வழியா பின்னாடி போகணும். சந்துல நழுவக் கூடாது."

"பால் கேன் மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வளையம் மாதிரியா?" என்றாள் கோசானா.

"அதேதான். ஆனா இங்க ரப்பரை வச்சா உருகி ஓடிடும். அதான் இரும்புத் தகடு."

"சூடானதும் சத்தம் ஏன் நின்னுது?"

"குளிர்ல இரும்பு சுருங்கியிருக்கும், சந்து திறந்திருக்கும். சூடானா இரும்பு விரியும், சந்து கிட்டத்தட்ட மூடிக்கும். ஆனா அதுக்குள்ள அந்த விஷப் புகை பானெட்டுக்கு அடியில நிறைஞ்சிடும். ஹீட்டர் காத்தை இழுக்கறது அங்கிருந்துதான்."

  அம்மா கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

மிலுன் பழைய கேஸ்கெட்டின் ஒட்டலையெல்லாம் சுரண்டி, விளிம்பைத் துடைத்துச் சுத்தமாக்கினார். ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து அது வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். வளையவில்லை. புதுத் தகட்டை வைத்துக் குழாயைப் பொருத்தினார். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கோசானா டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே தடவையில இறுக்கினா என்ன மாமா?"

"ஒரு ஓரத்தை முழுசா இறுக்கிட்டா மறு ஓரம் தூக்கிக்கும். அப்புறம் மறுபடியும் உன்னை சோப்பு அடிக்கக் கூப்பிடணும்."

சாயங்காலம் சாவியைத் திருகினார்கள். புள்ளியன் இருமியது, நடுங்கியது, ஓடியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். டிக் இல்லை. மிலுன் அதைச் சூடாகவிட்டு, ஆறவிட்டு, இன்னொரு முறை எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பார்த்த பிறகுதான் கையைக் கழுவினார்.

விற்காமல் போன பாலாடையில் அம்மா மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி ஒரு பெரிய பீட்டா சுட்டிருந்தார். மிலுன் மூன்று துண்டு சாப்பிட்டார். கிளம்பும்போது அம்மாவிடம், "புகை நாத்தம் எப்பவாவது திரும்ப வந்தா, காத்து அடிக்குதோ இல்லையோ, கண்ணாடியை இறக்கிடு. இறங்கி நில்லு. என்னைக் கூப்பிடு" என்றார்.

"காது போனா?"

"காது போனா எனக்கு நல்லதுதான். உன்கிட்ட எந்த ஜோக் வேணா சொல்லலாம்."

அவர் போனதும் அம்மா தோமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் பொய் சொல்லலம்மா" என்றான் தோமா.

"தெரியும்டா கண்ணு. நீ நிஜத்தைத்தான் சொன்ன. நான்தான் கேக்கல. தப்பு என்னுது."

அம்மா இப்படிச் சொல்லி தோமா கேட்டதே இல்லை. 

"பரவால்ல" என்றான். சற்று யோசித்துவிட்டு, "அந்தக் கடைசித் துண்டு யாருக்கு?" என்று கேட்டான்.

*

திங்கட்கிழமை காலையில் வண்டி தேவாலயத் திருப்பத்தைத் தாண்டியது. தோமா எதுவும் சொல்லவில்லை. மேடு ஏறியது. அப்போதும் சொல்லவில்லை. அம்மா ஓரக்கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது தோமா திடீரென்று எழுந்து முன்கண்ணாடியில் கையை ஊன்றினான்.

"அக்கா! அது என்ன?"

கீழே பள்ளத்தாக்கின் குறுக்கே ரயில் பாலம் நின்றிருந்தது. அதன் தூண்கள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து, ஒரு மலையின் சுரங்கத்திலிருந்து எதிர்மலையின் சுரங்கம் வரை தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்திருந்தன.

"பாலம்டா. ரயில் போற பாலம்."

"எப்போ கட்டினாங்க? புதுசா?"

கோசானாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. நாம தினமும் இந்த வழியாத்தானே போறோம்!"

"நான் பார்த்ததே இல்லியே" என்றான் தோமா.

கோசானாவின் சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடம் சேர்ந்தது முதல் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். விழித்திருந்த வெள்ளிக்கிழமையோ கீழே எல்லாம் பனிமூட்டம். சாயங்காலம் பஸ் வேறு சாலையில் வரும்.

அம்மா வேகத்தைக் குறைத்தார். சாலை அகலமான இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"இறங்குங்க."

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதும்மா" என்றாள் கோசானா.

"ஆகட்டும்."

மூவரும் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். முதலில் ஒரு மெல்லிய அதிர்வு. பிறகு சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வந்தது. ஜன்னல்களில் வெளிச்சம் எரிய, காற்றில் நடப்பது போலப் பள்ளத்தாக்கைக் கடந்தது. தோமா இரண்டு கையையும் ஆட்டினான். யாரோ ஒருவர் உள்ளிருந்து கை ஆட்டினார்.

கடைசிப் பெட்டியும் எதிர்மலைக்குள் போய் மறைந்தது.

"அவ்வளவுதானா? இன்னொண்ணு வருமா?"

"வரும்" என்றார் அம்மா. அவனுடைய கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, அவரும் சுரங்கத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.